இலவசத் திட்டங்களுக்கு 680 வெள்ளி வாங்கி ஏமாற்றிய 'சேவை மேசை': சுங்கை சிப்புட் பக்கம் உள்ளவர்கள் கவனம்

680 வெள்ளி (ரிங்கிட்). அரசாங்கம் காசு வாங்காமல் செய்து கொடுக்கிற மூன்று காரியங்களுக்கு எங்கள் சித்தியிடம் 680 வெள்ளி கறந்துவிட்டார்கள். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்றால், அதற்குள் இன்னும் நாலு பேர் அந்தக் கடைப் படியை மிதித்துவிடுவார்கள். கடையின் பெயரைப் போடவில்லை, போலீஸ் ரிப்போர்ட் ஒரு பக்கம் நடக்கட்டும். எந்த மாதிரிக் கடை, என்ன பேச்சு என்று சொன்னாலே டவுனில் இருப்பவர்களுக்குப் புரியும். எந்தத் திட்டத்துக்கு எங்கே போவது, என்ன கொண்டுபோவது என்பதைக் கீழே ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

கைப்பேசி விற்கிற கடை. பின்பக்கம் ஒரு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு லேமினேட் மெஷின். கண்ணாடியில் 'மருத்துவக் காப்புறுதி, சட்ட உதவி, சொக்சோ, எஸ்டிஆர், எல்லா மாநிலத்துக்கும்' என்று தமிழில் பெரிதாக ஒட்டியிருக்கிறது. சொக்சோ என்றால் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம், எஸ்டிஆர் என்றால் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற ரொக்க உதவி. ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் ஓடுகிறது. உட்கார்ந்திருக்கிறவன் நம்ம பையன்தான், மலாய் தண்ணிப்பட்ட பாடு.

சித்தப்பா செம்பனைத் தோட்டத்தில் ஒரு காண்டிராக்டரிடம் குலை வெட்டுகிறவர். மழை நாளில் சறுக்கி விழுந்து முட்டி போய்விட்டது. மெடிக்கல் லீவு முடிவதற்குள்ளேயே 'இனி வேலைக்கு வர வேண்டாம்' என்று காண்டிராக்டர் மலாயில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டார். அந்தக் கடிதத்தைத்தான் சித்தி கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

அவர் எந்த இடத்தில் நம்பினார் என்பதை நான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். அவன் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நாற்காலி போட்டு, சித்தப்பாவின் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து, கடிதத்தை வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னான். "மாமா, இது ரொம்ப அநியாயம். இத சும்மா விடக்கூடாது"ன்னான். சிவப்புப் பேனாவை எடுத்துக் கடிதத்தின் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) முதல் காண்டிராக்டர் வரை யாரும் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குச் சொன்னதில்லை. படித்துச் சொன்னவன் நல்லவன் என்று நினைத்துவிட்டார்கள். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

பிறகு பாரம் (விண்ணப்பத் தாள்) வெளியே வந்தது. மாநில மருத்துவக் காப்புறுதி அட்டைக்கு 180. 'பெகா' என்கிற அரசாங்க சுகாதாரத் திட்டத்தில் மருத்துவக் கருவி விண்ணப்பத்துக்கு 150. சட்ட உதவி ஃபைல் திறக்க 350. மொத்தம் 680. இது போக, சொக்சோ பணம் வந்தால் அதில் 15 விழுக்காடு என்று சித்தப்பாவிடம் தனியாக ஒரு கையெழுத்தும் வாங்கியிருக்கிறான்.

முதலில் அந்த 180. லேமினேட் செய்த அட்டை, மூலையில் மாநில முத்திரை, சித்தியின் பெயர், கீழே ஒரு நீள நம்பர். டவுனில் ஒரு தனியார் க்ளினிக்கில் நீட்டியதும் கவுண்டரில் இருந்த பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது சிலாங்கூர் முத்திரை. இந்த நம்பரும் எதுலயும் வரல" என்று கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். சிலாங்கூர் அரசு 2017ல் பெடுலி சிஹாட் என்று ஒரு அட்டை கொண்டுவந்தது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 500 வெள்ளி வரை பேனல் (திட்டத்தில் சேர்ந்த) க்ளினிக்கில் பயன்படுத்த முடிந்தது. பிறகு அது இல்திசாம் சிலாங்கூர் சிஹாட் என்று மாறி, சிலாங்கா என்ற செயலி வழியாக நடக்கிறது. அது சிலாங்கூர்க்காரர்களுக்கு. எங்கள் பேரா மாநில முகவரி உள்ள ஐசியை (அடையாள அட்டையை) வைத்துக்கொண்டு அதில் சேர முடியாது. ஒரு மாநிலத்தின் பணத்தில் நடக்கிற திட்டம் அந்த மாநிலத்து மக்களுக்குத்தான். 'எல்லா மாநிலத்துக்கும்' ஒரே அட்டை என்று எவன் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த மாநிலமானாலும் குடிமக்களுக்குப் பொதுவாக இருப்பது அரசாங்க ஆஸ்பத்திரியும் கெசிஹாத்தான் க்ளினிக் என்கிற அரசாங்க சுகாதார நிலையமும்தான். வெளிநோயாளிக்கு 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட் பார்க்க 5 வெள்ளி. அதற்கு எந்த அட்டையும் வேண்டாம், ஐசி போதும். அதையும் கட்ட முடியாத நிலை, அல்லது வெளியே வாங்கச் சொன்ன கருவிக்குப் பணம் இல்லை என்றால், ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது, கெர்ஜா சோசியல் பெருபாத்தான் என்று கேளுங்கள். டாக்டரிடம் சொன்னால் அவரே எழுதி அனுப்புவார். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கும் அந்த அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். கைப்பேசிக் கடை வழியாக அல்ல.

அடுத்து 150. இதுதான் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் பெகா பி40க்கு (பி40 என்றால் வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காட்டினர்) விண்ணப்பமே கிடையாது. 2019ல் சுகாதார அமைச்சு தொடங்கிய திட்டம், ப்ரொடெக்ட்ஹெல்த் நிறுவனம் நடத்துகிறது. எஸ்டிஆர் பணம் வாங்குகிறவரும் அவருடைய கணவன் அல்லது மனைவியும், 40 வயது ஆகியிருந்தால், தானாகவே உள்ளே இருப்பார்கள். அதன் இணையத்தளத்தில் ஐசி நம்பரைத் தட்டினால் தகுதி உண்டா இல்லையா என்று உடனே தெரியும். முதலில் இலவச உடல் பரிசோதனை. கெசிஹாத்தான் க்ளினிக்கிலும் செய்யலாம், திட்டத்தில் பதிந்துள்ள தனியார் க்ளினிக்கிலும் செய்யலாம். இரத்தம் எடுத்த பிறகு முடிவைக் கேட்க இன்னொரு முறை போக வேண்டும், பலர் அதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பரிசோதனையை முடித்தால்தான் மற்ற உதவிகளின் கதவு திறக்கும்: 20,000 வெள்ளி வரை மருத்துவக் கருவி, புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகை, தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்துச் செலவு. கருவிக்கான விண்ணப்பத்தை அனுப்புவது சிகிச்சை கொடுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி. நோயாளி நேராக அனுப்ப வழியில்லை, ஏஜெண்டுக்கு அதில் இடமே இல்லை. அப்படியென்றால் 150 வெள்ளிக்கு அவன் நிரப்பிய அந்த இரண்டு பக்கப் பாரம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அவனே டைப் அடித்த பாரம் அது.

சொக்சோவும் அப்படித்தான். வேலையில் விபத்து என்றால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அவர் செய்யவில்லை என்றால் தொழிலாளியே பெர்கேசோ (சொக்சோவின் மலாய்ப் பெயர்) அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுக்கலாம். ஐசி, மெடிக்கல் லீவு சீட்டுகள், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு நம்பர், இவை இருந்தால் கவுண்டரிலேயே பாரம் நிரப்ப உதவுவார்கள். தகுதியுள்ளவருக்கு, லீவு குறைந்தது 4 நாள் இருந்தால், தற்காலிக உடற்குறைக்கு சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். பணம் தொழிலாளியின் கணக்கில்தான் விழும். 15 விழுக்காடு எவனுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

இனி அந்த 350. இதைச் சொல்லும்போது கை நடுங்குகிறது, ஏனென்றால் இதில் போனது பணம் மட்டுமில்லை.

காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில், ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹாஆன் என்பார்கள், மனு கொடுக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டம், 20ஆம் பிரிவு. வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. நீக்கிய கடிதம், ஐசி, சம்பளச் சீட்டு கொண்டுபோனால் போதும். அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார், சமரசம் ஆகாவிட்டால் விஷயம் தொழில்துறை நீதிமன்றம் வரை போகலாம். ஆனால் 60 நாள் தாண்டிவிட்டால் அந்த வாசல் அடைத்துவிடும்.

கடிதத்தின் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டவனுக்கு இந்தக் கணக்கு தெரியாதா? தெரிந்தேதான் அசல் கடிதத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டான். "லாயர் நோட்டீஸ் அனுப்பிட்டார்"ன்னான். அப்புறம் "சிஸ்டம் டவுன்". அப்புறம் "ஈப்போ ஆபீஸ்ல உங்க ஃபைல் மேல போயிருக்கு". அப்புறம் "லாயர் கோர்ட்ல இருக்கார், அவசரப்படாதீங்க லா". சித்தி மறுபடியும் கேட்டதற்கு, முத்திரை வரிக்கு இன்னும் 120 வேண்டும் என்றான். அதைக் கொடுக்கவில்லை, அந்த மட்டும் தப்பித்தது. அதற்குள் 60 நாள் ஓடிப்போய்விட்டது. அதன் பிறகு வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழும், பதில் வராது. நேரில் போய் நின்றால் மேசையில் வேறொரு பெண். "அவர் இப்ப இங்க இல்ல ஆன்ட்டி. நீங்க கையெழுத்துப் போட்டது ஆலோசனைக் கட்டணத்துக்கு, அது திரும்பக் கிடைக்காது." ரசீதை எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே 'சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்றுதான் எழுதியிருக்கிறது, கடைப் பெயர் இல்லை, கம்பெனிப் பதிவு நம்பர் இல்லை, வெறும் ரப்பர் ஸ்டாம்பில் 'பணம் பெறப்பட்டது'. 350 வெள்ளியை வங்கி வழியாகப் போட்டதும் ஒரு தனிப்பட்ட ஆளின் கணக்குக்கு.

சட்ட உதவி என்று அவன் சொன்ன பெயரும் கலவையாக இருந்தது, வேண்டுமென்றே கலந்திருக்கிறான். நாட்டில் மூன்று வாசல் இருக்கிறது, மூன்றும் வேறு. ஜபாத்தான் பந்துவான் குவாமான் அரசாங்க இலாகா, 1971ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின் கீழ் நடப்பது. விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது, வாரிசுச் சொத்து, சாலை விபத்து இழப்பீடு போன்ற சிவில் விஷயங்கள் அங்கே. மாநிலத்துக்கு மாநிலம் கிளை உண்டு, பேராவுக்கு ஈப்போவில். வருமானத்தைப் பார்ப்பார்கள், அதனால் சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும் வேண்டும். வருமானம் வரம்பைத் தாண்டினால் ஒரு பங்களிப்புத் தொகை கேட்கலாம், அது இலாகா கவுண்டரில் அதிகாரப்பூர்வ ரசீதோடு கட்டுவது. கைது, ரிமாண்ட், ஜாமீன் என்றால் 2011ல் தொடங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியம், ஒய்பிஜிகே. அது குற்றவியல் வழக்குகளுக்கானது. மூன்றாவது, வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையம், ஈப்போவிலும் இருக்கிறது, தொழிலாளர் பிரச்சினைக்கும் அங்கே வழி கேட்கலாம். சம்பளப் பாக்கி, நோட்டீஸ் பணம் என்றால் இவை எதுவும் வேண்டாம், நேராகத் தொழிலாளர் இலாகா, ஜபாத்தான் தெனாகா கெர்ஜா. சித்தப்பாவுக்கு இப்போது மீதி இருப்பது அதுவும் சொக்சோவும்தான்.

கடைக்காரன் மேல் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடப் போகிறோம். பாரம் 1, கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கூடாது. பெயரில்லாத ரசீதை வைத்துக்கொண்டு யார் மேல் போடுவது என்பதுதான் இப்போது சிக்கல். அதனால்தான் வங்கிப் பரிமாற்றச் சீட்டும் வாட்ஸ்அப் உரையாடலும் பத்திரமாக இருக்கட்டும் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

தீர்ப்பாயப் பாரத்தை இன்றைக்கே முடிக்க வேண்டும், மீதி எச்சரிக்கைகளை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், போடும் முன் மோசடிக் கணக்கா என்று போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்த நம்பரைத் தட்டிப் பாருங்கள். போட்டுவிட்டு மோசடி என்று தெரிந்தால் அந்த நிமிடமே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள், நாள் கழித்து அழைத்தால் பணம் கை மாறியிருக்கும். வங்கி அனுப்பும் டிஏசி ரகசிய நம்பரை யாருக்கும் வாசித்துச் சொல்லாதீர்கள். ஐசி நகல் கொடுத்தால், எதற்காக, என்ன தேதி என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். வேலை நீக்கக் கடிதம் கையில் இருப்பவர்கள் தேதியைப் பாருங்கள், 60 நாள் ஆகவில்லையென்றால் தொழில்துறை உறவு இலாகாவுக்குப் போக நாளைக் காலையே ஈப்போ பஸ் ஏறுங்கள். அந்த மேசையில் ஏற்கெனவே அசல் கடிதம், மெடிக்கல் சீட்டு, கல்யாணச் சர்ட்டிபிகேட் என்று ஏதாவது கொடுத்து வைத்திருந்தால், கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் முதலில் அதைத் திருப்பி வாங்குங்கள். பணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.