பழைய போர்க்கப்பல்: அருங்காட்சியகமா, கடலடியா?

தாங்கள் பணியாற்றிய கப்பல் ஓய்வு பெறுகிறது என்றதும் முன்னாள் கடற்படையினர் பலர் கேட்பது ஒன்றுதான்: "உடைக்காமல் விட முடியாதா?" வழி இரண்டு உண்டு. காட்சிக்கு நிறுத்தலாம், இல்லையென்றால் மூழ்கடித்து மீன்களுக்கு வீடாக்கலாம்.

செலவு
அருங்காட்சியகம்: முடிவே இல்லாதது. 1948 முதல் காட்சிக்கு நிற்கும் அமெரிக்காவின் டெக்சாஸ் கப்பலுக்குள் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. 2022-இல் பழுதுபார்க்க இழுத்துப் போனார்கள்.
மூழ்கடிப்பு: எண்ணெயையும் நச்சுப் பொருள்களையும் அகற்ற ஒரே ஒரு பெரிய செலவு. அதோடு சரி.

ஆயுள்
அருங்காட்சியகம்: பணம் இருக்கும்வரை. நம் பழைய விக்ராந்த் மும்பையில் 2012-இல் மூடப்பட்டு, 2014-இல் உடைக்கத்தான் போனது. அந்த வலி இன்னும் ஆறவில்லை.
மூழ்கடிப்பு: 2006-இல் ஃபுளோரிடா அருகே இறக்கிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒரிஸ்கனி இன்றும் கடலடியில் இருக்கிறது.

மனசு
இங்கே அருங்காட்சியகத்துக்கு ஈடே இல்லை. ஏணியின் கைப்பிடியில் பெயின்ட் தேய்ந்த அதே இடத்தில் விரல்கள் தானாகப் போய் உட்காரும். "தாத்தா இங்கேதான் தூங்குவேன்" என்று பேரனுக்குப் படுக்கையைக் காட்டலாம். மூழ்கடித்தால் கடைசியாக ஒரு சல்யூட், அப்புறம் வெறும் அலை. ஆனாலும் துண்டு துண்டாக வெட்டுவதைப் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

விசாகப்பட்டினத்தின் குர்சுரா நீர்மூழ்கி போல, கரையேற்றி நிறுத்தக்கூடிய அளவென்றால் அருங்காட்சியகம்தான் சரி. பெரிய விமானந்தாங்கிக் கப்பல், நிதிக்கு உறுதியும் இல்லை என்றால், கடலிடமே கொடுத்துவிடலாம்.