வாய்ஸ்மெயிலைக் கணினியில் ஏற்றித் தருகிறோம் என்றால் நம்பிவிடாதீர்கள்

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பேரங்காடியின் மாடியில் இருக்கும் கைப்பேசிக் கடையில் 250 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, அம்மாவின் குரலைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் என்ன பொய் சொன்னார்கள் என்பது தெரிந்தால் போதும், ஏனென்றால் அதே பொய்யை எந்த ஊரில் எந்தக் கடையிலும் சொல்ல முடியும்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போகணும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அம்மா பட்டர்வொர்த்தில் தனியாக இருந்தார். அவரிடம் இருந்தது பட்டன் போன், வாட்ஸ்அப் எல்லாம் தெரியாது. நான் எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயிலில் பேசிவிட்டு வைப்பார். முதலில் வரும் பெண் குரலை யாரோ ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டு, "நான் அவளோட அம்மா பேசுறேன், பசியாறிட்டாளான்னு கேட்டுச் சொல்லு" என்று சொல்லி வைத்த செய்திகூட ஒன்று இருந்தது.

போன தீபாவளிக்கு முன் அம்மா இறந்துவிட்டார். என் பெட்டியில் பதினோரு செய்திகள் இருந்தன. வாய்ஸ்மெயிலில் எதையும் நிரந்தரமாக வைக்க முடியாது. சேமித்தாலும் சில நாட்கள்தான் நிற்கும், பிறகு தானாக அழிந்துவிடும். அதனால் நாள் எண்ணிக்கொண்டு திரும்பத் திரும்ப அழைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, சேமிக்கும் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை மறந்தால் போச்சு என்ற பயம் எப்போதும் இருந்தது. கணினியில் ஏற்றிவிட்டால் நிம்மதி என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நன்றாகத் தமிழ் பேசினான். "கவலைப்படாதீங்க அக்கா, எல்லாம் உங்க போன் மெமரியிலதான் இருக்கு. எங்ககிட்ட சாப்ட்வேர் இருக்கு, இழுத்து எடுத்துடலாம். எச்டி பண்ணி பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன்" என்றான். மூன்று நாள் ஆகும், 250 வெள்ளி, முழுப் பணமும் முன்கூட்டியே. கொடுத்தேன். அம்மாவின் குரலுக்கு 250 என்ன, ஆயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

பணம் வாங்கிக்கொண்ட பிறகு இன்னொரு பேச்சு எடுத்தான். என் மாதக் கட்டணம் அதிகமாம். வேறு நிறுவனத்துக்கு மாறினால் பாதிதான் வருமாம், அதே எண்ணை வைத்துக்கொள்ளலாமாம். "வாய்ஸ்மெயில் போயிடாதா தம்பி?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். "நம்பர் மாறலையே அக்கா, எல்லாம் அப்படியே இருக்கும்" என்றான். ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டேன். புதிய சிம் வேலை செய்ய ஆரம்பித்ததும் பழைய சிம்மைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, மேசைக்கு அடியில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்றாம் நாள் பென்டிரைவ் கிடைத்தது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, குளிக்காமல்கூட, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து சொருகினேன். "அம்மா 1" முதல் "அம்மா 11" வரை பதினோரு கோப்புகள். முதலாவதை அழுத்தினால், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் யார் யார் வருகிறீர்கள் என்று எங்கள் சூப்பர்வைசர் கேட்கிறார். இரண்டாவதில் சின்னம்மா மகன், கல்யாண மண்டபத்தில் கார் எங்கே நிறுத்துவது என்று சொல்கிறான். எல்லாமே என் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த குரல் பதிவுகள். அவற்றை அள்ளி எடுத்து, அம்மா என்று பெயர் மாற்றிப் போட்டிருக்கிறான். ஏழாவதில் நான்கு வினாடி வெறும் இரைச்சல். பதினொன்றையும் கடைசி வரை கேட்டேன், ஒன்றிலாவது இருக்காதா என்று.

உடனே வாய்ஸ்மெயிலுக்கு அழைத்தேன். புதிய நிறுவனத்தின் குரல், உங்களுக்குச் செய்தி எதுவும் இல்லை என்றது. பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தபோது ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எண் அங்கிருந்து வெளியேறியதும் பெட்டியும் மூடப்பட்டுவிடும், மீட்க வழியில்லை என்று சொன்னார். மன்னிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை.

இப்போது தெரிந்த விஷயத்தைச் சொல்கிறேன். இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் போதும். நாம் எண்ணை அழுத்தி அழைத்துக் கேட்கும் சாதாரண வாய்ஸ்மெயில், கைப்பேசிக்குள் இருப்பதே இல்லை. அது தொலைபேசி நிறுவனத்தின் கணினியில், உங்கள் எண்ணுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் இருக்கிறது. கைப்பேசி வெறும் கேட்கும் குழாய்தான். அதனால் எந்தச் சாப்ட்வேராலும் அதைப் போன் மெமரியிலிருந்து இழுக்க முடியாது, அங்கே இழுப்பதற்கு ஒன்றுமே இல்லை. செய்திகள் தாமாகவே கைப்பேசிக்குள் இறங்கிப் பட்டியலாகத் தெரியும் விஷுவல் வாய்ஸ்மெயில் வேறு வகை. ஐபோனில் அந்த வசதி இருந்தால் செய்தியைத் திறந்து, பகிரும் குறியை அழுத்தி, நீங்களே கோப்பாக அனுப்பிக்கொள்ளலாம். அதற்கும் கடை தேவையில்லை.

நம் நாட்டில் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி 2008 முதல் இருக்கிறது. மாறும்போது உங்களோடு வருவது எண் மட்டும்தான், பெட்டி வராது. ப்ரீபெய்ட் எண் டாப்அப் போடாமல் காலாவதியானாலும் இதே கதிதான். ஆகவே செய்திகளைப் பதிவு செய்து முடிக்கும் வரை சிம்மையும் எண்ணையும் தொடவே தொடாதீர்கள்.

எச்டி என்று சொன்னானே, அதுவும் ஏமாற்றுத்தான். சாதாரணத் தொலைபேசிப் பேச்சு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். பதிவாகும்போதே மற்றதெல்லாம் விடுபட்டுப் போயிருக்கும். விடுபட்டதைப் பிறகு யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அம்மாவின் குரல் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி கேட்டதற்கு அதுதான் காரணம். எனக்கு அந்தக் குரலே போதுமாக இருந்தது.

கடைக்குத் திரும்பப் போனேன். "வாய்ஸ்மெயிலும் வாய்ஸ் மெசேஜும் ஒண்ணுதானே அக்கா" என்றான். பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றான். சரி என்று வந்து, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஆன்லைனிலேயே மனு கொடுத்தேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது அது. கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ரசீதில் "சர்விஸ்" என்று மட்டும் எழுதியிருந்தான். ஆனால் வாய்ஸ்மெயில் எல்லாம் எடுத்தாச்சு என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான், அதை அச்செடுத்து இணைத்தேன். விசாரணைத் தேதிக்கு முன்னாலேயே 250 வெள்ளியைக் கணக்கில் போட்டுவிட்டார்கள். என்ன வேலை, எதிலிருந்து எதற்கு என்பதை எழுத்தில் வாங்காமல் யாரிடமும் போனைக் கொடுக்காதீர்கள்.

என் பதினொன்றும் போய்விட்டன. ஆனால் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அக்காவின் பெட்டியில் நான்கு செய்திகள் இருந்தன. நான் சொன்னதால் அவளும் விடாமல் சேமித்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும், "எதையும் தொடாதே அக்கா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஓய்வு நாளில் பட்டர்வொர்த்திலிருந்து ரயிலேறிவிட்டேன்.

அக்காவின் போனில் வேண்டியதை நாங்களே பதிவு செய்தோம். அழைப்பைப் பதிவு செய்யும் ஆப் ஒன்றை முதலில் போட்டுப் பார்த்தோம், எங்கள் பக்கத்துச் சத்தம்தான் பதிவானது. ஆண்ட்ராய்டில் இப்படிப்பட்ட ஆப்களுக்கு கூகுள் 2022 மே மாதத்திலேயே வழியை அடைத்துவிட்டது. அப்புறம் வயர் வழி. இரண்டு முனையிலும் ஒரே மாதிரிச் சொருகி உள்ள ஆக்ஸ் வயரை, போனின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு இழுக்கவேண்டும். இங்கே ஒரு சிக்கல். இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஒரே துளைதான், அதில் இந்த வயரைப் போட்டால் உள்ளே ஒலி போகாது. கணினிச் சாமான் விற்கும் லோயாட் பிளாசாவில் போய் மைக் துளை தனியாக உள்ள சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கினோம், விலை இருபது வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். ஹெட்போன் துளை இல்லாத புதிய போனாக இருந்தால் அதற்கு ஓர் அடாப்டரும் வேண்டும்.

கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பதிவு பட்டனை முதலில் அழுத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் வாய்ஸ்மெயிலுக்கு அழைத்தோம். முதல் தடவை ஒலி அதிகமாகிவிட்டது. திரையில் அலை மேலும் கீழும் முட்டித் தட்டையாகத் தெரிந்தது, குரல் கரகரத்தது. போனின் ஒலியைப் பாதிக்குக் குறைத்ததும் சரியானது. வெட்டி ஒட்டுவதெல்லாம் பிறகு செய்துகொள்ளலாம், பதிவை நடுவில் நிறுத்தாதீர்கள். செய்திக்கு முன்னால் தேதியும் நேரமும் சொல்லும் இயந்திரக் குரலும் அதில் இருக்கட்டும், பின்னாளில் அது தேவைப்படும். மூலத்தை, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள், ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பிதான் ஆகும். உறவினர்களுக்கு அனுப்ப எம்பி3 தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அக்காவின் கணினி, என் கணினி, ஒரு ஹார்ட்டிஸ்க், கூகுள் டிரைவ் என்று நான்கு இடத்தில் வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் திறந்து கேட்டுப் பார்த்த பிறகுதான் அக்காவைத் தூங்கவிட்டேன்.

வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இதைவிட எளிது, அவை உங்கள் போனிலேயே இருப்பவை. கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் இருக்கும் அம்புக்குறியை அழுத்திப் பதிவிறக்கிக்கொள்ளலாம். விஎல்சி என்ற பிளேயரில் ஓடும். ஆனால் போன் தொலைந்து, பேக்அப்பும் இல்லையென்றால் அவையும் போய்விடும்.

அந்த நான்கில் ஒன்றில் ரொட்டிக்காரரின் ஹாரன் சத்தம் கேட்கிறது. அம்மா பேச்சைப் பாதியில் விட்டு, போனைக் கட் பண்ணத் தெரியாமல் அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறார். "ரெண்டு பன்னு குடு தம்பி, கயா வேணாம்" என்று தூரத்தில் கேட்கிறது, அப்புறம் சில்லறை எண்ணும் சத்தம், பிறகு நேரம் முடிந்து பெட்டி தானாக நின்றுவிடுகிறது. அதில் எங்களுக்கென்று சொன்னது எதுவும் இல்லை. அக்காவும் நானும் அதைத்தான் அதிகம் கேட்கிறோம்.

அந்த யூஎஸ்பி சவுண்ட் கார்டும் வயரும் என்னிடம்தான் இருக்கின்றன. பாயான் லெப்பாஸ், ஜெலுத்தோங் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். போட்டுக் காட்டவும் செய்கிறேன், காசு எதுவும் வேண்டாம்.