மனிதச் சிறுநீரகமா, பன்றிச் சிறுநீரகமா?

சிறுநீரகம் பழுதானவருக்குப் பொருத்த, மனிதர் தரும் சிறுநீரகம் பல ஆண்டுகள் உழைக்கும். கிடைப்பதுதான் பாடு.

பன்றியின் சிறுநீரகத்துக்கு அப்படிக் காத்திருக்க வேண்டாம். ஆனால் அதன் செல்களின் மேல் ஆல்பா-கேல் என்ற சர்க்கரை இருக்கும். நம் உடல் அதைக் கண்டதும் சில நிமிடங்களிலேயே உறுப்பைத் தாக்கிக் கருக்கிவிடும். அதனால் முதலில் ஒரு பன்றிச் செல்லில் அந்தச் சர்க்கரைக்கான மரபணுவை முடக்கி, அப்புறம் அந்தச் செல்லிலிருந்து குளோனிங்கில், அதாவது நகலெடுக்கும் முறையில், குட்டியை உருவாக்குகிறார்கள். 2024 மார்ச்சில் பாஸ்டனில் ஒரு நோயாளிக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகத்தில் 69 மரபணுத் திருத்தங்கள்! அது வேலை செய்தது. ஆனால் பெற்றவர் இரண்டு மாதத்துக்குள் இறந்தார், அதற்குச் சிறுநீரகம் காரணம் என்பதற்கு அறிகுறி இல்லை என்றது மருத்துவமனை.

மனிதக் கொடையில் சம்மதம் உண்டு, பன்றியை யாரும் கேட்பதில்லை. சரி, இறைச்சிக்கு மட்டும் கேட்கிறோமா? எனக்கு உறுத்துவது குளோனிங்கின் விரயம்: 277 முயற்சிகளில் பிறந்தது டாலி ஆடு ஒன்றுதான். இப்போதைக்கு என் ஓட்டு மனிதச் சிறுநீரகத்துக்கே.