குரங்குப் பெடலை ஆங்கிலத்தில் சொல்ல: எட்டு மாதப் பேச்சுப் பயிற்சி அனுபவம்

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதிக்கு எட்டு மாதமாக ஒரே முறையில் பயிற்சி செய்து வருகிறேன். இரவில் கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்வேன். மறுநாள் காலை கேட்பேன். காசு செலவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்தபடி வேலையும் பார்த்துக்கொண்டு படிப்பவளுக்கு இது எவ்வளவு கைகொடுத்தது என்பதை, சைக்கிள் என்ற ஒரு தலைப்பை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

சிறு வயதில் உங்களிடம் சைக்கிள் இருந்ததா, உங்கள் நாட்டில் சைக்கிள் ஓட்டுவது பரவலா என்பவை பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் வரக்கூடிய கேள்விகள். 4 முதல் 5 நிமிடத்தில் முடிந்துவிடும் பகுதி அது. கேள்வியில் வரும் சொல் பெரும்பாலும் 'பைக்'. நமக்குப் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். ஆங்கிலத்தில் மிதிவண்டியும் பைக்தான். என் முதல் பதிவு முழுக்க அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பற்றியது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு முன் ஒரு பயிற்சி மையத்தில் இரண்டு மாதம் படித்தேன். அச்சடித்த பதிலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அந்தப் பதிலின்படி வகுப்பில் இருந்த எல்லோருக்கும் பிறந்தநாள் பரிசாக அப்பா நீல நிற சைக்கிள் வாங்கித் தந்திருந்தார்! அப்படிப் படித்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். 'யார் கற்றுக்கொடுத்தார்கள்?' என்று தேர்வாளர் அடுத்து ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பதில் அங்கேயே நின்றுவிடும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பெண்; அவற்றில் முதலில் அடிபடுவது சரளம்.

எனக்குப் பரிசு சைக்கிள் எதுவும் கிடைக்கவில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, ஊரணிக் கரையில் ஓட்டிப் பழகினேன். கேரியரைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தான். இதைச் சொல்ல முயன்றபோது குரங்குப் பெடலுக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் சிக்கிக்கொண்டேன். அந்தப் பதிவில் பதினொரு நொடி என் குரலே இல்லை. வீட்டு வளவில் புறாக்கள் குமுறுவது மட்டும் கேட்கிறது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "பெயரைத் தேடாதே தாயி, காலை எங்கே வைத்தாய் என்று சொல்" என்றான். பாருக்கு மேல் கால் எட்டாது, அதனால் பாருக்குக் கீழே காலை நுழைத்து, நின்றபடியே மிதித்தேன். இந்த ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் தடுமாறாமல் வர மூன்று மாதம் ஆனது.

நடுவில் இன்னொரு தடை. 'சின்ன வயதில் ஓட்டுவேன்' என்று தமிழில் பழைய வழக்கத்தை எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'ஐ வில் ரைட்' என்றே வாய் போகிறது. 'ஐ யூஸ்ட் டு ரைட்' என்பதே சரி. பழைய பதிவுகளை வரிசையாகக் கேட்டபோதுதான் எனக்கு இது பிடிபட்டது. இந்த முறைக்கு நான் நன்றி சொல்வது முதலில் இதற்காகத்தான்.

பரவலா என்ற கேள்விக்குச் செட்டிநாட்டில் சொல்ல நிறைய இருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பம் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் என்ற மிதிவண்டி நிறுவனத்தைத் தொடங்கியது. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். எல்லாவற்றையும் அடைத்து ஒன்றே முக்கால் நிமிடம் பேசினேன். முதல் பகுதிக்கு அது மிக அதிகம். அந்தச் செய்திகளை, விரிவாக உரையாடும் மூன்றாம் பகுதிக்கு ஒதுக்கிவிட்டேன். இப்போது மூன்றே வாக்கியம்: அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி தருகிறார்கள், பள்ளி விடும் நேரத்தில் சாலை முழுக்க அவர்கள்தான், வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள்.

இந்த முறை உச்சரிப்பைத் திருத்தாது. 'வீல்' என்று சொல்லும்போது உதட்டைக் குவிக்க வேண்டும் என்பது என் காதுக்கு எட்டவே இல்லை. ஆங்கிலத்தில் வி, டபிள்யூ என்று இரண்டு ஒலி; நமக்கு இருப்பது ஒரே 'வ'தானே. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவரிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய்த் திருத்திக்கொள்கிறேன். இன்னொருவரின் காது கட்டாயம் வேண்டும்.

போன வாரம் அவர், நான் தயார் செய்யாத ஒன்றைக் கேட்டார்: அந்த வாடகை சைக்கிள் கடை இன்னும் இருக்கிறதா? இல்லை, இப்போது அங்கே கைப்பேசி ரீசார்ஜ் கடை, ஆனால் பழைய டியூப்களைத் தொங்கவிட்ட ஆணி மட்டும் சுவரில் அப்படியே இருக்கிறது என்று நிற்காமல் சொன்னேன். அந்தப் பதிவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.