முட்டி ஆபரேஷனுக்கு டாக்டர் தேடுறவங்க தயவுசெஞ்சு இதப் படிச்சிட்டுப் போங்க

டைப் பண்ணும்போதே கை நடுங்குது, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. எட்டு மாச சம்பளம் போச்சு. அம்மாவோட முட்டி வலி அப்படியேதான் இருக்கு, சொல்லப்போனா முன்னைய விட மோசம். இன்னைக்கு சாயந்தரம் வேற ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தோம், அவர் சொன்னதக் கேட்டதுலேர்ந்து மனசு ஆறவே மாட்டேங்குது.

அம்மாவுக்கு 59 வயசு. கீழ விழல, அடி படல, ஒரு வருஷமா மெல்ல மெல்ல வந்த வலி. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிய இறுக்கிப் புடிச்சிகிட்டு ஒரு படிக்கு ரெண்டு காலையும் வெச்சு வெச்சு இறங்குவாங்க. பாக்க முடியாம நான்தான் டாக்டர் தேடுற ஒரு ஆப்ல போய் ஆர்த்தோன்னு போட்டேன். முதல்ல வந்தவருக்கு 4.9 ஸ்டார், நூத்துக்கணக்குல ரிவ்யூ. எல்லாம் 'வெயிட்டிங் இல்ல', 'ஸ்டாஃப் நல்லா பேசுறாங்க', 'டாக்டர் பொறுமையா கேட்டார்' இந்த ரகம். ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசத்துக்கு அப்புறம் எப்படி நடக்குறேன்னு ஒருத்தரும் எழுதல, அத நான் அப்ப கவனிக்கவே இல்ல.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட மேஜை மேல விரிச்சு வெச்சு, நீல பேனாவால ஒரு வரிய மட்டும் வட்டம் போட்டார். "மெனிஸ்கஸ் கிழிஞ்சிருக்கும்மா, முட்டிக்குள்ள குஷன் மாதிரி இருக்குற ஜவ்வு. ரெண்டு சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு கிழிஞ்ச இடத்த சீவி விட்டா முடிஞ்சது, மறுநாள் நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்." பிசியோ பண்ணிப் பாக்கலாமா டாக்டர்னு கேட்டேன். "கிழிஞ்ச துணி எக்சர்சைஸ் பண்ணா ஒட்டிக்குமா?"ன்னு கேட்டார். எனக்கு பதில் தெரியல. அப்புறம் அம்மா முட்டி மேல கைய வெச்சு, "எங்க அம்மாவா இருந்தா இந்த வாரமே பண்ணியிருப்பேன்"னு சொன்னார் பாருங்க, அம்மா மேஜைக்கு அடியில என் கையப் புடிச்சு அமுக்கினாங்க. அங்கதான் விழுந்தோம். எட்டு மாச சம்பளத்த, கடனும் சேர்த்து, அந்த ஒரு வார்த்தைய நம்பிக் கட்டினேன்.

மறுநாள் நடந்தாங்க, உண்மைதான். மூணாவது வாரம் முட்டி வீங்கிப்போய் மடக்கவே முடியல. போன் பண்ணா "டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார் மேடம்". மறுபடி பண்ணா "ஐஸ் வைங்க மேடம், நார்மல்தான்". நேர்ல போனா அசிஸ்டன்ட் வந்து தையல் போட்ட இடத்த மட்டும் பாத்துட்டு "காயம் நல்லா ஆறியிருக்கு"ன்னார். காயத்தையா காட்ட வந்தோம்? நாலாவது தடவைதான் அவரப் பாக்க முடிஞ்சது, ரெண்டு நிமிஷம், "வயசாயிடுச்சுல்ல, தேய்மானம் இருக்கு, இனி மூட்டு மாத்துறதுதான் வழி"ன்னார். அந்தத் தேய்மானம் ஆபரேஷனுக்கு முன்னாடி இல்லையான்னு கேட்டதுக்கு அடுத்த பேஷன்ட்ட கூப்பிட்டுட்டார். நடந்தத நடந்தபடி ஆப்ல எழுதினேன், ரெண்டு நாள்ல விதிமுறைக்கு ஒத்துவரலன்னு தூக்கிட்டாங்க.

இன்னைக்கு பாத்த டாக்டர் முதல்ல அம்மாவ நடக்கச் சொல்லிப் பாத்தார், அப்புறம் நிக்க வெச்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பழைய எக்ஸ்ரே படுக்க வெச்சு எடுத்ததாம். நின்னாதான் உடம்பு எடை முட்டியில இறங்கி, எலும்புக்கு நடுவுல எவ்ளோ இடைவெளி மிச்சம்னு சரியா தெரியும். அதே எம்ஆர்ஐ ரிப்போர்ட்டுல அந்த நீல வட்டத்துக்கு ரெண்டு வரி மேல விரல வெச்சார். குருத்தெலும்பு தேய்மானம்னு எழுதியிருக்கு. ஆரம்பத்துலேர்ந்தே எழுதியிருக்கு. இந்த வயசுல வலியே இல்லாத நிறைய பேருக்கும் எம்ஆர்ஐ எடுத்தா கிழிசல் தெரியுமாம், தேய்மானத்தால வர்ற வலிக்கு ஜவ்வ சீவி விட்டு பெரிசா பிரயோஜனம் இல்லன்னார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 2002லயே அமெரிக்காவுல முட்டித் தேய்மானம் இருந்த 180 பேர வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, சிலருக்கு நிஜ கேமரா ஆபரேஷன், சிலருக்கு தோல மட்டும் கீறி தையல். ரெண்டு வருஷம் பாத்தும் வலியில வித்தியாசம் இல்ல. 2017ல பிஎம்ஜேங்கிற பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல வந்த வழிகாட்டுதல் இந்த மாதிரி முட்டிக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம்னே அழுத்தமா சொல்லுது. தினமும் முட்டிய பாக்குற டாக்டருக்கு இது தெரியாம இருக்குமா? எட்டு மாச சம்பளங்க.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், முடியல, அவசரமா சொல்றேன். ஸ்டார பாக்காதீங்க. எலும்பு டாக்டர்னா எல்லாரும் ஒண்ணில்ல, முதுகு, தோள், முட்டி, எலும்பு முறிவுன்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணுல அதிகம் பண்ணுவாங்க, அதனால இந்த ஆபரேஷன வருஷத்துக்கு எத்தன பண்றீங்கன்னு வாய விட்டுக் கேளுங்க. பண்ணலன்னா என்ன ஆகும்னு கேளுங்க, இதுக்கு நேரா பதில் வரலன்னா எழுந்து வந்துடுங்க. ரிப்போர்ட்ட முழுசா படிச்சுக் காட்டச் சொல்லுங்க, வட்டம் போட்ட வரிய மட்டும் இல்ல. காசு கட்டுறதுக்கு முன்னாடி, அந்த ஆஸ்பத்திரிக்கு சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. சின்ன வயசுல விளையாடும்போது அடிபட்டு முட்டி லாக் ஆயிடுச்சுன்னா அது வேற கதை, அதுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம், நான் எழுதுனதப் பாத்து அத தள்ளிப் போட்டுடாதீங்க.

ஆபரேஷன்ல என்ன பண்ணாங்கன்னு எழுதி வெச்சிருக்குற ஆபரேஷன் நோட் இன்னும் கைக்கு வரல, ரெண்டு தடவ கேட்டும் "ரெக்கார்ட் செக்ஷன் மூடிட்டாங்க"ங்கிறாங்க. நாளைக்கு காலைல எழுத்துல எழுதி எடுத்துட்டுப் போறேன், வாங்கினதுக்கு சீல் போட்டுத் தர்ற வரைக்கும் அந்த கவுண்டர விட்டு நகர மாட்டேன்.