கடன் வரலாறே இல்லாதவருக்கு பிரீமியம் கார்டு: எஃப்.டி. வழியா, சம்பளக் கணக்கு வழியா?

லாஸ்பேட்டையில் சொந்த வீடு, வங்கியில் பத்து லட்சம் டெபாசிட், இதுவரை யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை. இப்படி ஒருவர் பெரிய கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தால் தட்டிவிடுவார்கள். தவணையில் மூன்று போன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய அவர் மருமகனுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடும். கேட்டால் அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் நம் கடன் வரலாற்றைத் தொகுத்து மதிப்பெண் போடும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையில் சொத்துக்கு இடமே கிடையாது. வாங்கிய கடனை எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதுதான் முக்கியமாக அதில் வரும். மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750ஐத் தாண்டினால் வங்கிக்கு முகம் மலரும். கடனே வாங்காதவருக்கு அந்த இடத்தில் -1 அல்லது என்எச் (நோ ஹிஸ்டரி, வரலாறு இல்லை) என்று இருக்கும்.

நம் புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் வளைகுடாவில் பல வருடம் சம்பாதித்துத் திரும்பியவர்கள், நேரு வீதியில் ரொக்கத்திலேயே வியாபாரம் பார்ப்பவர்கள். பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் புதுச்சேரிக்காரர் நிலை இன்னும் வேடிக்கை. அந்த நாட்டில் சிபில் மாதிரி மதிப்பெண் போடும் ஏற்பாடே இல்லை. கடன் கட்டத் தவறியவர்கள் பெயரை மட்டும் பாங்க் தெ பிரான்ஸ் ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது. எப்படியும், எந்த நாட்டில் சேர்த்த நல்ல பெயரும் இங்கே கூட வராது.

கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொன்னது உண்மைதான். அதற்காகக் கேட்ட கார்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. 2023 நவம்பரில் அதே ரிசர்வ் வங்கி, கார்டு நிலுவைக்கு வங்கிகள் கணக்கில் கொள்ள வேண்டிய ரிஸ்க் வெயிட்டை, அதாவது எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விகிதத்தை, 125 சதவீதத்திலிருந்து 150 ஆக்கியது. அப்புறம் முன்பின் தெரியாதவருக்குக் கார்டு கொடுப்பதில் வங்கிகள் இன்னும் கை சுருக்கிக்கொண்டன.

சரி, வழிகளுக்கு வருவோம். நிச்சயமாகக் கதவு திறப்பது, ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் எஃப்.டி. கார்டு. டெபாசிட்டை வங்கி பிடித்து வைத்துக்கொண்டு, அதன் பெரும்பகுதியை லிமிட்டாகத் தரும். ஆக்சிஸ் வங்கியின் இன்ஸ்டா ஈஸி கார்டில் 80 சதவீதம் வரை கிடைக்கும். எஸ்பிஐ கார்டின் உன்னதிக்கு 25,000 ரூபாய் டெபாசிட் போதும். முதல் நான்கு வருடம் ஆண்டுக் கட்டணம் இல்லை. எஃப்.டி. வட்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ கேட்பதில்லை என்பதால் இல்லத்தரசிக்கும் ஓய்வு பெற்றவருக்கும் இதுதான் தோதான வழி.

இதில் பலர் கோட்டை விடுவது இரண்டு இடத்தில். ஒன்று, லிமிட் முழுவதையும் தேய்ப்பது. ஒரு லட்சம் டெபாசிட், 80,000 லிமிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினால் முக்கால் பங்கு லிமிட் போய்விட்டது. கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டினாலும், அதற்குள் அந்தப் பெரிய நிலுவை சிபிலுக்குப் போய் மதிப்பெண்ணை இழுக்கும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆகவே பெரிய பொருள் வாங்கினால் பில் வரும்வரை காத்திருக்காமல் இரண்டொரு நாளில் பணத்தைப் போட்டுவிடுவது நல்லது. மற்ற மாதங்களில் 24,000க்குள், அதாவது முப்பது சதவீதத்துக்குள் நிறுத்தினால் ஆறு மாதம் போல ஆனதும் ஒரு மதிப்பெண் எட்டிப் பார்க்கும். பில்லில் சொல்லும் குறைந்தபட்சத் தொகையான மினிமம் டியூ மட்டும் கட்டினால் தாமதம் என்று பதிவாகாது. ஆனால் மீதி நிலுவைக்கு மாதாமாதம் கனமான வட்டி ஏறும். அதற்குக் கார்டு இல்லாமலே இருந்துவிடலாம்.

இரண்டாவது, எஃப்.டி. போடும் வங்கி. அரை சதவீதம் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு, பெரிய கார்டுகளே இல்லாத சின்ன வங்கியில் போடுகிறார்கள். ஒரு லட்சத்துக்கு அரை சதவீதம் என்பது வருடம் 500 ரூபாய். எந்த வங்கியின் பெரிய கார்டு வேண்டுமோ அங்கேயே எஃப்.டி.யைப் போடுங்கள். இந்தக் கார்டிலிருந்து தானாக யாரும் மேலே ஏற்றிவிட மாட்டார்கள். ஆனால் ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியதை அந்த வங்கி தன் கண்ணாலேயே பார்த்திருக்கும்.

மாதச் சம்பளக்காரருக்கு இத்தனை சுற்று தேவையில்லை. ஜிப்மரிலோ நெய்வேலி என்எல்சியிலோ நிரந்தர வேலையில் இருப்பவர் முதலில் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் ஆப்பைத் திறந்து பார்க்க வேண்டும். மாதாமாதம் வரவு விழுவதும் மீதி நிற்பதும் அந்த வங்கிக்கு ஏற்கெனவே தெரியும். சிபில் காலியாக இருந்தாலும் ப்ரீ-அப்ரூவ்டு, அதாவது முன்கூட்டியே அனுமதித்தது என்று ஒரு கார்டு அங்கே காத்திருக்கலாம். புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் சிறு கம்பெனியில் இருப்பவருக்கு அதே சம்பளம் வந்தாலும் இந்த வாய்ப்பு குறைவு. கம்பெனி எந்தத் தரம் என்று வங்கி தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கும். முதலில் வருவது நடுத்தரக் கார்டாகத்தான் இருக்கும். கௌரவம் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, வருடம் கழித்து மேல் கார்டு கேளுங்கள். எஃப்.டி. வழியோடு ஒப்பிட்டால் பணம் எதுவும் முடங்காது. வேலை மாறி, சம்பளம் வேறு வங்கிக்குப் போனால் அந்த அனுகூலமும் போய்விடும் என்பதுதான் குறை.

வியாபாரிக்குச் சம்பளக் கணக்கின் இடத்தில் வருமான வரிக் கணக்கு. கல்லாவில் தினம் அரை லட்சம் புரண்டாலும், கணக்கில் வருடத்துக்கு ஐந்து லட்சம் காட்டினால் வங்கிக்கு அவர் ஐந்து லட்சக்காரர்தான். வரியையும் மிச்சம் பிடித்து உயர்ரகக் கார்டும் வேண்டும் என்றால் நடக்காது.

பெரிய தொகையை ஒரே தனியார் வங்கியில் வைத்து, அங்குள்ள மேலாளர் சிபாரிசில் கார்டு வாங்குவதும் உண்டு. கையில் ரொக்கம் இருக்கும் வளைகுடாக்காரருக்கு இது வேகமான வழி. கார்டுக் கையெழுத்தோடு, இன்சூரன்ஸையும் முதலீட்டையும் சேர்த்துக் கட்டிய யூலிப் பாலிசி ஒன்றுக்கும் கையெழுத்து கேட்பார்கள். அங்கே மட்டும் பேனாவை மூடிவிடுங்கள்.

நகைக்கடனும் வரலாறுதான். வங்கியில் வைத்த நகை சிபிலில் ஏறும், தெருமுனை அடகுக்கடையில் வைத்தது ஏறாது. எப்படியும் வைக்கத்தான் போகிறோம் என்றால் வங்கியில் வைத்து, கெடு தாண்டாமல் மீட்பது லாபம். மதிப்பெண்ணுக்காகவே நகையை வைத்து வட்டி கட்டுவது வீண். கணவர் கார்டில் வாங்கும் ஆட்-ஆன் கார்டை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பொதுவாக அதன் வரலாறு அவர் பெயரில்தான் ஏறும்.

இவ்வளவு பாடுபட்டு வாங்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. எச்டிஎஃப்சி ரீகாலியா கோல்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 2,500. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 2,950. வருடம் நான்கு லட்சம் செலவழித்தால் அடுத்த வருடக் கட்டணம் தள்ளுபடி, அதாவது மாதம் 33,000 ரூபாய்க்கு மேல் கார்டில் ஓட வேண்டும். பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ், மளிகை எல்லாம் சேர்ந்து அந்த அளவு வரும் வீட்டுக்குச் சரி. கார்டைக் காட்டி விமான நிலைய லவுஞ்சில் இலவசமாக உட்கார்ந்து சாப்பிடுவதற்காக மட்டும் என்றால், புதுச்சேரியிலிருந்து பறப்பது கைவிட்டு எண்ணக்கூடிய சில விமானங்கள்தான். பெரும்பாலும் ஈசிஆரில் மூன்று மணி நேரம் போய் மீனம்பாக்கத்தில்தான் ஏற வேண்டும். வருடத்தில் ஒருமுறை அங்கே இலவச இட்லி சாப்பிட 2,950 அதிகம். அதே வங்கியின் இன்னும் உயர்ந்த கார்டான இன்ஃபினியா, அழைப்பு வந்தால்தான் கிடைக்கும். அதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை.

என்னைக் கேட்டால், சம்பளக்காரர் முதலில் ஆப்பைப் பார்க்கட்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் அதே வங்கியில் எஃப்.டி. கார்டு. மற்றவர்களுக்கு நேராக எஃப்.டி.தான். ஒரே வாரத்தில் நாலு வங்கிக்கு விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொன்றும் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகி மதிப்பெண்ணை இழுக்கும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஒன்றும் குறையாது, வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவும் கிடைக்கும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கார்டு தரும் நிறுவனம் அதைச் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வருமானம் போதாது என்று வந்தால் எஃப்.டி. கார்டு மட்டும் அதைச் சரிசெய்யாது; வருமான வரிக் கணக்கைத்தான் சரிசெய்ய வேண்டும். கடன் பதிவு இல்லை என்று வந்தால், மறுநாளே எஃப்.டி. போடக் கிளம்பலாம்.