ஜீபோர்ஸ் 210-உம் பேட்ச் செய்த ட்ரைவரும்: 2021 முதல் இன்று வரை

கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து சற்றுத் தள்ளி டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் கல்யாணப் பத்திரிகை. மே முதல் ஜூலை வரை மாம்பழக் கூழ் டின்களுக்கான லேபிள். இரண்டு திரைகளில் நடக்கும் இந்த வேலை முழுவதையும் என்விடியா நிறுவனத்தின் ஜீபோர்ஸ் 210 என்ற ஒரு கிராஃபிக்ஸ் கார்டுதான் தாங்குகிறது. 2009-ல் வந்த மாடல். என்னுடையதில் ஃபேன் கிடையாது, வெறும் ஹீட்சிங்க்தான். சாலைப் புழுதி பறக்கும் கடையில் அது எவ்வளவு பெரிய வரம் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். பழுதில்லாத பொருளைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது.

என் கணினி லினக்ஸில் ஓடுகிறது. இந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான ட்ரைவரில் என்விடியா லினக்ஸுக்குத் தந்த கடைசிப் பதிப்பு 340.108. அது 2019 டிசம்பரில் வெளியானது. அதன்பின் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் உள் அமைப்பை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 5.6-ல் 'ஐயோரீமேப் நோகேஷ்' என்ற செயல்கூறு நீக்கப்பட்டது, 5.8-ல் 'எம்மேப் செம்' என்பது 'எம்மேப் லாக்' ஆனது. பழைய பெயர்களைத் தேடும் ட்ரைவர் கம்பைல் ஆகாமல், அதாவது ஓடக்கூடிய வடிவத்துக்கு மாறாமல், நின்றுவிடும். கெர்னலோடு வரும் நூவோ என்ற மாற்று ட்ரைவரில் திரை தெரியும். ஆனால் அது கார்டின் வேகத்தைத் தானாகக் கூட்டாது, தொடங்கிய கடிகார வேகத்திலேயே வைத்திருக்கும். பெரிய லேபிள் கோப்புகளுக்கு அது எனக்குப் போதவில்லை. அதனால் என்விடியாவின் பழைய ட்ரைவரையே பேட்ச் செய்து, அதாவது புதிய கெர்னலுக்கு ஏற்ப அதன் நிரலைத் திருத்தும் கோப்பைச் சேர்த்து, பயன்படுத்துகிறேன்.

பேட்ச் என்றதும் பலர் அஞ்சுவது ட்ரைவரின் அமைப்பு தெரியாததால்தான். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நிறுவனம் மூடித் தரும் பைனரி. அதை யாரும் தொடுவதில்லை. மற்றொன்று, அந்த பைனரியையும் கெர்னலையும் இணைக்கும் சி மொழி உறை. அது நம் கணினியிலேயே கம்பைல் ஆகிறது. பேட்ச் திருத்துவது இந்த உறையை மட்டும்தான். பெரும்பாலான மாற்றங்கள் 'கெர்னல் இந்தப் பதிப்புக்கு மேல் என்றால் புதிய பெயர், இல்லையென்றால் பழைய பெயர்' என்ற வடிவில் இருக்கும். சி கொஞ்சம் தெரிந்தவர்கள் ஒரு மாலைப் பொழுதில் முழுவதையும் படித்துவிடலாம். கட்டாயம் படிக்கவும் வேண்டும். கெர்னலுக்குள் ஓடப்போகும் நிரல் அது.

2021 இறுதியில் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 11-ஆம் பதிப்பில், அதாவது 5.10 கெர்னலில், முதன்முறையாக நிறுவினேன். என்விடியாவின் நிறுவியிலேயே 'அப்ளை பேட்ச்' என்ற விருப்பம் உண்டு. பேட்சைச் சேர்த்துப் புதிய நிறுவியாகக் கட்டித் தந்துவிடும். அதை டி.கே.எம்.எஸ். என்ற கருவியில் பதிந்தால் கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூல் (கெர்னலுக்குள் ஏறும் ட்ரைவர் பகுதி) தானாகவே மறுபடி கம்பைல் ஆகும். நூவோ ஏறாதபடி அதைத் தடைப்பட்டியலில் சேர்த்து, கணினி தொடங்கும்போது படிக்கும் ராம்டிஸ்க் கோப்பையும் புதுப்பித்தால் வேலை முடிந்தது.

அடுத்த மாம்பழ சீசனில் ஒரு காலை, கடையைத் திறந்த பையன் கைப்பேசியில் அழைத்தான். "அண்ணா, வெறும் எழுத்துதான் வருகிறது, டெஸ்க்டாப் வரவில்லை." தோதாபுரி லேபிள் அன்று மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், திரை வந்துவிட்டது. காரணத்தை இரவில்தான் கண்டேன். மாட்யூல் கம்பைல் ஆக ஹெடர்கள் என்ற கெர்னல் கோப்புகள் தேவை. நான் ஒரு குறிப்பிட்ட பதிப்பின் ஹெடர்களை மட்டும் நிறுவியிருந்தேன். கெர்னல் புதுப்பிக்கப்பட்டது, அதற்குரிய ஹெடர்கள் வரவில்லை, டி.கே.எம்.எஸ். எதை வைத்துக் கட்டும்? கெர்னலுடன் சேர்ந்தே புதுப்பிக்கப்படும் 'லினக்ஸ் ஹெடர்ஸ் ஏஎம்டி64' தொகுப்பை அன்றே நிறுவினேன். பழைய கெர்னல் ஒன்றையும் எப்போதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். கம்பைல் தவறினால் மேக் லாக் கோப்பில் முதலில் வரும் பிழையை மட்டும் பாருங்கள். பின்னால் வரும் நூறு வரிகள் பெரும்பாலும் அதன் எதிரொலிதான்.

டெபியன் 12-க்கு மாறியபோது கெர்னல் 6.1-க்கு வேறு பேட்ச் தேவைப்பட்டது. மாட்யூல் ஏறியும் திரை வரவில்லை. திரையில் வரைவதைக் கவனிக்கும் எக்ஸ் சர்வரின் புதிய 21.1 பதிப்பை இந்த ட்ரைவர் அறியாது. கட்டமைப்புக் கோப்பில் 'இக்னோர் ஏபிஐ' என்று ஒரு வரி சேர்த்த பிறகே வந்தது. அந்த ஒரு வரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்ட் இதில் ஓடாது. நான் எக்ஸில் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் இருப்பதால் தவிப்பு இல்லை. கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்காத செக்யூர் பூட் உள்ள கணினியில் அதற்கு நீங்களே கையொப்பமிட வேண்டும். எல்லாவற்றையும் விட, இந்த ட்ரைவருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வரப்போவதில்லை. அதனால் வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல் இரண்டையும் வேறு கணினிக்கு மாற்றிவிட்டேன். பிழைச்செய்தியைப் பொறுமையாகப் படிக்க நேரமில்லாதவர்கள் புதிய கார்டு வாங்கிக்கொள்வதே நல்லது.

டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. அதுவரை 6.1 கெர்னலிலேயே இருக்கப் போகிறேன். பேட்ச் கோப்பும் மூல நிறுவியும் இரண்டு பென் டிரைவ்களில் பத்திரமாக இருக்கின்றன.